பெட்டிக்குப் பணம் உண்டு, பயணத்துக்கு இல்லையா?

2012ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாள் மாலை, மன்னார் மாவட்டத்துக் கரையோரக் கிராமமொன்றிலிருந்து ஓர் இளைஞன் மோட்டார் சைக்கிளில் எமது பங்குமனைக்கு வந்தான். “சுவாமி, அக்காவின்ர பிள்ளைக்குக் கடுமை. கெதியா வந்து ஞானஸ்நானம் குடுங்கோ” என்றான். பிள்ளை பிறந்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன. நாம் போய்ச் சேர்ந்தபோது அதன் வயிறு மத்தளம் போல வீங்கியிருந்தது. கடைவாயிலிருந்து பச்சை நிறத்தில் சத்தி வடிந்துகொண்டிருந்தது. ஞானஸ்நானம் கொடுத்தோம். உடனேயே தாயையும் பிள்ளையையும் எமது வாகனத்தில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். வைத்தியசாலை வாசலை அடைவதற்கு முன்னரே பிள்ளை தாயின் மடியில் அடங்கிவிட்டது.

அன்றிரவே கிராமத்து மரண உதவிச் சங்கத்தினர் கூடினார்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் பந்தல் வந்தது, கதிரைகள் வந்தன, விளக்குகள் வந்தன. விடியுமுன் சிறியதொரு வெள்ளைப் பெட்டியும் வந்து சேர்ந்தது. எவரிடமும் எவரும் கையேந்த வேண்டியிருக்கவில்லை. எமது மக்களின் ஒற்றுமையை எண்ணி அன்று நாம் பெருமைப்பட்டோம்.

அந்தப் பெருமை மூன்று நாட்களுக்கு மேல் நிலைக்கவில்லை. துக்கம் விசாரிக்கச் சென்றபோது தாய் சொன்ன கதை எம்மை உலுக்கியது. பிள்ளை பிறந்த இரண்டாம் நாளே வைத்தியர் குறையைக் கண்டுபிடித்துவிட்டாராம். குடலில் அடைப்பு உண்டு, பெரிய வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும், அம்புலன்ஸ் தயார் என்று சொல்லியிருக்கிறார்கள். தாயோ தன் விருப்பில் போவதாகக் கையொப்பமிட்டுப் பிள்ளையுடன் வீட்டுக்கு வந்துவிட்டார். கணவன் முல்லைத்தீவுக் கரையில் வாடியில் இருந்தார். வீட்டில் வேறு இரண்டு சிறு பிள்ளைகள். கையில் இருந்ததோ சில நூறு ரூபா. கொழும்பில் யாரையும் தெரியாது, சிங்களமும் தெரியாது. “அவர் வரட்டும், கேட்டுப் போவம் எண்டு இருந்தன் சுவாமி” என்றார் அந்தத் தாய்.

அம்புலன்ஸுக்கும் சத்திரசிகிச்சைக்கும் எமது நாட்டில் பணம் வேண்டியதில்லை. ஆயினும் அந்தப் பிள்ளை பணமில்லாமையாலும் துணையில்லாமையாலும் இறந்தது. பெட்டிக்கும் பந்தலுக்கும் செலவிட்டதில் ஒரு பகுதியை இரண்டு நாட்கள் முந்திக் கொடுத்திருந்தால் அந்தத் தாய் பயணப்பட்டிருப்பார். எமது பங்குமனையில் வாகனம் நின்றது ஊருக்கே தெரியும். ஆனால் ஞானஸ்நானத்துக்கு மட்டுமே எம்மிடம் வரலாம், பயணத்துக்கு வர முடியாது என்று அந்தக் குடும்பம் நினைத்திருக்கிறது. அப்படி நினைக்கும்படி நாம் வாழ்ந்திருக்கின்றோம் என்பதே உண்மை. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது இந்த உறுத்தலேயாகும்.

இவை என்ன குறைபாடுகள்?

தாயின் வயிற்றில் குழந்தை உருவாகும்போது, வாயிலிருந்து மலவாசல் வரையிலான உணவுப்பாதை முதல் மூன்று மாதங்களுக்குள் அமைந்துவிடுகின்றது. அவ்வேளையில் ஏற்படும் சிறு தவறு பிறவிக் குறைபாடாக நின்றுவிடுகின்றது. சில பிள்ளைகளுக்கு உணவுக்குழாய் இடையில் அறுந்து, அதன் ஒரு துண்டு மூச்சுக்குழாயோடு ஒட்டியிருக்கும். சிலருக்குக் குடல் ஓரிடத்தில் மூடியிருக்கும். சிலருக்கு மலவாசலே இராது, அல்லது தவறான இடத்தில் சிறு துளையாக இருக்கும். இன்னும் சிலருக்கு மலவாசலும் குடலும் பார்வைக்குச் சரியாக இருந்தாலும், கடைசிக் குடற்பகுதியில் நரம்புக் கலங்கள் இல்லாமையால் மலம் முன்னே நகராது. 1886இல் டென்மார்க் நாட்டு மருத்துவர் ஹிர்ஷ்ஸ்புறூங் விபரித்தமையால் இது அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றது. வயிற்றுச் சுவரிலுள்ள துளையினூடாகக் குடல் வெளியே தள்ளியபடி பிறக்கும் பிள்ளைகளும் உண்டு.

மலவாசல் குறைபாடும் நரம்புக் கலங்கள் இல்லாத குறைபாடும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் ஏற்படுகின்றன. இலங்கையில் அண்மைய ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறக்கின்றன. அப்படியானால் மலவாசல் குறைபாட்டோடு மட்டும் ஆண்டுதோறும் ஒரு வகுப்பறையை நிரப்பக்கூடிய 40 பிள்ளைகளாவது பிறக்கின்றார்கள் எனலாம்.

கை கொடுத்த அறிவு

நூறு ஆண்டுகளுக்கு முன் உணவுக்குழாய் அறுந்து பிறந்த பிள்ளை இறப்பது நிச்சயம். 1941இல் அமெரிக்காவின் மிச்சிகனில் கமரன் ஹெயிற் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் முதன்முதலாக இரு முனைகளையும் நேரடியாக இணைத்து ஒரு பிள்ளையைக் காப்பாற்றினார். 1948இல் ஓர்வர் சுவென்சன் நரம்புக் கலங்கள் இல்லாத குடலை நீக்கி, நல்ல குடலைக் கீழே இழுத்துப் பொருத்தும் முறையை அறிமுகப்படுத்தினார். குடல் மூடிப் பிறப்பதற்குக் கருப்பையில் குடலுக்குச் செல்லும் இரத்தம் தடைப்படுவதே காரணமாகலாம் என்று 1955இல் தென்னாபிரிக்காவின் கேப் டவுனில் லோ என்பவரும் பார்னாட் என்பவரும் ஆய்வின் மூலம் காட்டினார்கள். இந்தப் பார்னாட்தான் பின்னர் 1967இல் உலகின் முதலாவது மனித இதய மாற்றுச் சத்திரசிகிச்சையைச் செய்தவர். 1968இல், குடல் பயன்படாத குழந்தையொன்றை நாளம் வழியாகச் செலுத்தும் ஊட்டத்தாலேயே வளர்க்கலாம் என்பதை அமெரிக்க மருத்துவர்கள் வெளிப்படுத்தினர். 1980களின் தொடக்கத்தில் அல்பேர்ட்டோ பெனியா மலவாசலைச் சரியான தசைகளின் நடுவே அமைக்கும் முறையைக் கொண்டுவந்தார்.

ஆகவே வழி தெரியாமல் இப்பிள்ளைகள் இறக்கவில்லை. அந்த வழி எல்லோருக்கும் எட்டவில்லை என்பதே பிரச்சினை. 2021 யூலையில் ‘லான்செற்’ மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்த ஆய்வொன்று இதைத் தெளிவாகக் காட்டுகின்றது. உணவுக்குழாய், குடல், மலவாசல், வயிற்றுச் சுவர், உதரவிதானம் ஆகியவற்றில் ஏற்படும் 7 வகைப் பிறவிக் குறைபாடுகளோடு, 74 நாடுகளின் 264 வைத்தியசாலைகளுக்கு வந்த 3849 பிள்ளைகள் அதில் ஆராயப்பட்டனர். செல்வந்த நாடுகளில் 100 பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 6 பேர் இறந்தனர். நடுத்தர வருமான நாடுகளில் 20 பேர். வறிய நாடுகளில் 40 பேர். குடல் வெளியே தள்ளியபடி பிறந்த பிள்ளைகளை மட்டும் எடுத்தால், செல்வந்த நாடுகளில் 100க்கு ஒருவர் அல்லது இருவரே இறக்க, வறிய நாடுகளில் 90 பேர் இறந்தனர்.

வந்து சேரும்போதே கிருமித்தாக்கம் இரத்தத்தில் பரவியிருந்த பிள்ளைகள் கூடுதலாக இறந்தனர் என்றும், நாளம் வழியாக ஊட்டம் பெற்றவர்கள் கூடுதலாகப் பிழைத்தனர் என்றும் அதே ஆய்வு சொல்கின்றது. கத்தி பிடிக்கும் கையின் திறமை மாத்திரம் ஒரு பிள்ளையின் உயிரைத் தீர்மானிப்பதில்லை. பிள்ளை எந்த நிலையில், எத்தனையாம் நாள் அந்தக் கையை வந்தடைகின்றது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கின்றது. முன்னையதில் எமக்குப் பங்கில்லை. பின்னையதில் எமது கிராமங்களுக்கு முழுப் பங்கும் உண்டு.

தாய்மார் அறிய வேண்டியவை

எமது நாட்டில் அநேகமாக எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலையிலேயே நடைபெறுகின்றன. பிள்ளையைத் தலை முதல் கால் வரை பார்த்தே அனுப்புகிறார்கள். ஆயினும் ஓரிரு நாட்களில் வீடு திரும்பிவிடுவதால், சில அடையாளங்கள் வீட்டிலேயே வெளிப்படக்கூடும். பின்வருவனவற்றை எமது மாதர் சங்கங்களில் ஒவ்வொருவரும் மனதில் வைத்திருக்க வேண்டும்.

பிறந்த பிள்ளை முதல் 24 மணித்தியாலத்துக்குள் தார் போன்ற கரும்பச்சை மலத்தைக் கழிக்க வேண்டும். கழிக்காவிட்டால் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். பச்சை நிறச் சத்தி எப்போதும் ஆபத்தின் அடையாளம். ‘பால் சமிக்கேல்லை’ என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக் காத்திருக்கக்கூடாது. குடல் முறுகியிருந்தால் சில மணித்தியாலங்களிலேயே அது அழுகிவிடும். வாயில் ஓயாது நுரை தள்ளி, பால் கொடுத்ததும் இருமித் திணறி நீலம் பாயும் பிள்ளைக்கு மேலும் பால் கொடுக்கக்கூடாது. பெண் குழந்தையின் மலம் முன்பக்கமாக வருவது போலத் தெரிந்தால் வெட்கப்படாமல் காட்ட வேண்டும். மலம் வருகின்றதுதானே என்று பல மாதங்கள் கவனிக்காமல் விடப்பட்ட பிள்ளைகள் உண்டு. இரண்டு வாரங்களுக்குப் பின்னரும் மஞ்சள் மாறாமல், மலம் வெண்களி போல வெளுத்திருந்தால் அது பித்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம். இதற்கு யப்பானியரான மொரியோ கசாய் வகுத்த சத்திரசிகிச்சையைப் பிறந்து 60 நாட்களுக்குள் செய்தால்தான் பலன் கூடுதலாகக் கிடைக்கும்.

தாய்வான் நாட்டில் 2004 முதல், பிள்ளையின் மல நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் வர்ண அட்டையொன்றை ஒவ்வொரு தாய்க்கும் கொடுத்தார்கள். உரிய காலத்தில் சத்திரசிகிச்சை பெற்ற பிள்ளைகளின் தொகை கூடியது. ஒரு தாயின் கண்ணுக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

யாருடைய பாவம்?

இப்படிப் பிள்ளை பிறந்ததும் ஊரில் எழும் முதற் கேள்வி, “ஆர் செய்த பாவமோ?” என்பதுதான். கிரகணத்தில் வெளியே வந்தாள், கண்டதைத் தின்றாள் என்று பழி முழுவதும் தாய் மீது விழுகின்றது. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டு ஆண்டவரின் சீடர்களும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். அவனுமல்ல, அவன் பெற்றோருமல்ல என்பதே அவர்களுக்குக் கிடைத்த விடை. இரண்டாயிரம் ஆண்டுகள் கழிந்தும் நாம் அந்த விடையைக் கேட்டவர்களாகத் தெரியவில்லை. மருத்துவமும் அதையே சொல்கின்றது. பெரும்பாலான பிள்ளைகளில் குறிப்பிட்ட காரணம் எதுவும் கண்டறியப்படுவதில்லை. சிலரில் பரம்பரை அலகுகள் காரணமாகின்றன. தாய் செய்த குற்றம் எதுவுமில்லை.

இன்னொன்றையும் எமது கத்தோலிக்க மக்களுக்குச் சொல்ல வேண்டியவர்களாக இருக்கின்றோம். உயிராபத்தான வேளையில் ஞானஸ்நானம் கொடுக்கக் குருவானவர் வர வேண்டுமென்பதில்லை. திருச்சபையின் நோக்கத்தோடு தாதியோ, தாயோ, அயலவரோ எவரும் கொடுக்கலாம். சுவாமி வரும் வரைக்கும் அம்புலன்ஸை மறித்து வைத்திருக்க வேண்டாம். ஞானஸ்நானத்துக்கு ஒரு நிமிடம் போதும். மிகுதி நேரம் பயணத்துக்குரியது.

சத்திரசிகிச்சையோடு முடிவதில்லை

2012இன் அனுபவத்தின் பின் அக்கிராமத்தில் பலமுறை கூடிப் பேசினோம். மரண உதவிச் சங்கத்தின் கீழேயே ‘உயிர் காக்கும் நிதி’ என்று ஒன்றைத் தொடங்கினோம். வீட்டுக்கு மாதம் 20 ரூபா. வெளி மாவட்ட வைத்தியசாலைக்கு மாற்றப்படும் எந்தப் பிள்ளைக்கும், கூட்டம் கூட்டாமல், கடிதம் கேட்காமல், அன்றிரவே பணத்தைக் கையில் கொடுப்பது என்பது விதி.

2016இல் அங்கே ஒரு பெண் குழந்தை பிறந்தது. வீட்டுக்கு வந்த குடும்பநல உத்தியோகத்தர் துணி மாற்றும்போது மலம் தவறான இடத்தால் வருவதைக் கவனித்தார். அன்று மாலையே பணம் கொடுக்கப்பட்டது. அயல் வீட்டார் மூத்த பிள்ளையைப் பொறுப்பேற்றனர். ஏறக்குறைய 300 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்பில் தகப்பன் தங்குவதற்குச் சகோதரிகளின் இல்லமொன்றில் ஒழுங்கு செய்தோம். முதலில் வயிற்றில் துளையிட்டு மலம் அவ்வழியால் வெளியேறப் பை பொருத்தினார்கள். சில மாதங்களின் பின் மலவாசல் அமைத்தார்கள். மூன்றாவது தடவையில் வயிற்றுத் துளையை மூடினார்கள். பிள்ளை பிழைத்தாள்.

ஆனால் அத்தோடு எல்லாம் முடிந்துவிட்டதென நாம் எண்ணியது தவறு. பை வாங்கக் கட்டுப்படியாகாத நாட்களில் தாய் பழைய சேலைத் துணியைச் சுற்றிக் கட்டினார். துளையைச் சுற்றித் தோல் வெந்து பிள்ளை இரவிரவாக அழுதாள். புதிய மலவாசல் சுருங்காமல் இருக்க, வைத்தியர் காட்டிக்கொடுத்தபடி நாள்தோறும் உலோகக் கோலால் விரிக்க வேண்டியிருந்தது. பிள்ளை கதற, தாயும் அழுதபடியே அதைச் செய்தார். “இப்பிடி வதைக்கிறியே” என்று சொன்ன அயலவரும் உண்டு. அந்தத் தாய் ஒரு நாளாவது தவறவிடவில்லை.

2022இல் அவள் முதலாம் ஆண்டில் சேர்ந்தாள். சில நாட்களில் மலம் அறியாமலே கசிந்துவிடும். பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள். ஆசிரியை அவளைக் கடைசி வாங்கில் தனியே இருத்தினார். பள்ளிக்கு அனுப்ப வேண்டாம் என்றார் பேத்தியார். மாதர் சங்கத்துப் பெண்கள் மூவர் அதிபரைச் சந்தித்தார்கள். அவர்கள் கேட்டவை நான்கு: கேட்டவுடன் மலசலகூடம் போக அனுமதி, அங்கே தண்ணீர், மாற்றுடுப்பு வைக்க ஓர் இடம், முன் வாங்கில் ஓர் இருக்கை. நான்கும் கிடைத்தன. மலத்தை ஒழுங்காகக் கழிக்கச் செய்யும் முறைகளை வைத்தியர் தாய்க்குச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளை இப்போதும் பள்ளிக்குப் போகின்றாள்.

உணவுக்குழாய் இணைக்கப்பட்ட பிள்ளைகள் சில காலம் குரைப்பது போல இருமுவதும், உணவு சிக்குவதும் வழமை. இணைத்த இடம் ஒடுங்கினால் மீண்டும் விரிக்க வேண்டிவரும். நரம்புக் கலங்கள் இல்லாத குடல் நீக்கப்பட்ட பிள்ளைக்கு, சத்திரசிகிச்சை முடிந்து நெடுநாட்களான பின்னும் காய்ச்சலோடு வயிறு ஊதி நாற்றமான வயிற்றோட்டம் ஏற்பட்டால் அது உயிராபத்து, தாமதிக்கக்கூடாது. ஆகவே இப்பிள்ளைகளின் கிளினிக் பயணம் பல ஆண்டுகளுக்கு நீளும். அந்தப் பயணச் செலவை எந்தத் திட்டத்திலும் எவரும் எழுதி வைப்பதில்லை.

ஒரு கேள்வியும் எமது விடையும்

“5000 பேரில் ஒரு பிள்ளைக்காக ஊர் முழுவதும் பணம் சேர்ப்பதா? குடிநீர், போசாக்கு, டெங்கு என்று எல்லோருக்கும் பொதுவான தேவைகள் இருக்கின்றனவே” என்று அபிவிருத்திப் பணியிலுள்ள நண்பர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் நிதி ஒரு நோய்க்குரியதல்ல. இதயத்தில் துளையோடு பிறந்த பிள்ளைக்கும், சுடுநீர் கொட்டிய பிள்ளைக்கும் அதே பயணம், அதே தங்குமிடம், அதே மொழிப் பிரச்சினைதான். அடுத்த மரணம் எந்த வீட்டில் என்று அறியாமலேயே மரண நிதிக்கு மாதாமாதம் கொடுக்கின்றோம். அதே நியாயம் பிறப்புக்கும் பொருந்தாதா?

அரசாங்கத்தின் கடமையை மக்கள் தலையில் ஏற்றுகின்றோமா என்பது மற்றொரு கேள்வி. இல்லை. மாகாணந்தோறும் குழந்தைகளுக்கான சத்திரசிகிச்சைப் பிரிவும், பச்சிளம் குழந்தைகளைச் சூடு குறையாமல் கொண்டுசெல்லும் வசதியும், தமிழில் விளக்கமளிக்க ஓர் ஆளும் வேண்டுமென்று தொடர்ந்து கேட்போம். பை இலவசமாகக் கிடைக்க வேண்டுமென்றும் கேட்போம். ஆனால் கேட்டுக்கொண்டிருக்கும் காலத்திலும் பிள்ளைகள் பிறக்கின்றார்கள்.

மறைக்காமல் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2022இன் பொருளாதார நெருக்கடியில் மண்ணெண்ணெய் இன்றிப் படகுகள் கரையில் கிடந்தபோது எமது ‘உயிர் காக்கும் நிதி’ வற்றிவிட்டது. அதே காலத்தில் மரண நிதிக்கான பணம் ஒரு மாதமேனும் நிற்கவில்லை. அதை மக்களின் குறையாக நாம் சொல்லவில்லை. மரணத்தைக் கண்ணால் கண்டு பழகியிருக்கின்றோம், காப்பாற்றப்பட்ட உயிரை எண்ணிப் பார்க்கப் பழகவில்லை. நிதியை மீண்டும் தொடங்கும் முயற்சியில் இப்போது இறங்கியிருக்கின்றோம்.

இதை வாசிக்கும் கிராமச் சங்கங்களிடம் நாம் கேட்பது பெரியதல்ல. உங்கள் மரண உதவிச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானத்தை முன்வையுங்கள். சந்தாவில் ஒரு சிறு பங்கைப் பிள்ளைகளின் பயணத்துக்கென ஒதுக்குங்கள். இரவில் கதவைத் தட்டினாலும் பணம் கொடுக்கக்கூடிய ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். வீட்டில் பிள்ளைக்குத் திடீரெனக் கடுமையானால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும் என்பதை எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். பங்குத்தந்தையரே, உங்கள் வாகனம் எதற்கென்று மக்களுக்கு வாய்திறந்து சொல்லுங்கள்.

அந்த 2012ஆம் ஆண்டுப் பிள்ளையின் கல்லறையில் பெயர் இல்லை. ஞானஸ்நானத்தில் நாம் வைத்த பெயர் பங்கின் பதிவேட்டில் மட்டும் உண்டு. அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம், அந்த இளைஞன் இரண்டு நாட்கள் முந்தி வந்திருக்கலாமே என்ற எண்ணம் எழும். வந்திருப்பான், வரலாம் என்று நாம் சொல்லியிருந்தால்.